மிதக்கும் சதுரம்

ரமணி அக்கா கண் பரிசோதனையில் தோற்றுவிட்டு வந்த அன்று காலை, அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் கேட்டேன்.

"எப்படிப்பட்ட புத்தகம்?"

"சின்னதுதான். பக்கம் பக்கமா வட்டம் போட்டிருக்கு. கம்பெனி கிளினிக் மிஸ்ஸி ஒரு கறுப்புக் கண்ணாடி குடுத்தாங்க. அதைப் போட்டுக்கிட்டுப் பாத்தா, நாலு வட்டத்துல ஒண்ணு மட்டும் தாளை விட்டு எழும்பி நிக்குமாம். எதுன்னு சொல்லணும்."

"நின்னுச்சா?"

"நின்னிருந்தா நான் ஏன்டா இப்படிக் குந்தியிருக்கேன்?"

அம்மா தோசைக்கல்லில் இருந்து கையை எடுக்காமலே சொன்னார். "அவளே நொந்து வந்திருக்கா. முதல்ல பசியாற விடு."

நானும் அக்காவும் கோலாலம்பூருக்கு வடக்கே ராவாங்கில் ஒரே எலக்ட்ரானிக் கம்பெனியில் இரவு ஷிப்டு. நான் பெரிய அடுப்புக்குள் தட்டுத் தட்டாகச் சில்லுகளைத் தள்ளி வெளியே எடுப்பவன். அவள் பேக்கிங்கில். ஷிப்டு முடிந்ததும் கம்பெனி பஸ் எங்களைப் பத்தாங் பெர்ஜுந்தாய் முச்சந்தியில் கொண்டுவந்து இறக்கிவிடும்.

எண்பத்தாறாம் வருடம் அது. எங்கு பார்த்தாலும் ஆள் குறைப்பு. ஈயத்தின் விலை விழுந்து அப்பா வேலை செய்த, குட்டையில் மிதந்து ஈயமண் அள்ளுகிற ஈயக் கப்பல் நின்றுபோனது. அவர் பக்கத்து எஸ்டேட்டில் கான்ட்ராக்டில் செம்பனைக் குலை வெட்டப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனியில் மாதக் கடைசியோடு பேக்கிங்கை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பாண்டிங்குக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது. முடியை விட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துச் சில்லில் தைக்கிற பிரிவு. மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு குழல். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரியும். அதைச் சோதிக்கத்தான் அந்தப் புத்தகம். தேறினால் பாண்டிங், தேறாவிட்டால் வீடு. மாதம் முடிவதற்குள் இன்னொரு தடவை வந்து பார்க்கலாம் என்று கம்பெனி நர்ஸான அந்த மிஸ்ஸி சொல்லியிருந்தார்.

தாள் தட்டை. அதில் அச்சடித்த வட்டமும் தட்டை. அது எப்படி எழும்பும்? வேலைக்கு நடுவிலும் எனக்கு இதே யோசனையாக இருந்தது.

என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்த்துத் தைவானில் செய்த நகல். கோலாலம்பூரில் தொழில்நுட்பம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டு வந்தபோது கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். வீட்டு டிவியில் மாட்டி ஏதாவது விளையாட்டு எழுதுவேன். நான் மட்டும் விளையாடுவேன்.

கடைவீதியில் டிவி, ரேடியோ பழுது பார்க்கிற சோமு என் கூட்டாளி. அவன் கடை மேசைக்கு அடியில் பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகள் கிடக்கும். பக்கங்களைப் புரட்டிப் பார்த்ததில் ஒன்றில் விஷயம் கிடைத்தது. இரண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் வெவ்வேறு இடத்திலிருந்து பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது. ஆகவே இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குச் சற்றே நகர்த்திய படம் காட்டிவிட்டால் மூளை ஏமாந்துவிடும். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று போட்டு, சிவப்புத்தாளும் நீலத்தாளும் ஒட்டிய கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கு டியூப் விளக்கில் சுற்றுகிற வண்ணத்தாள் வீட்டில் இருந்தது. அட்டையில் கண்ணாடி வெட்டினேன். சிவப்பும் நீலமுமாகப் படம் வரைய நிரல் எழுதினேன். டிவியில் எல்லாம் சாம்பல் நிறத்தில் வந்தது. என் எழுத்தில்தான் தப்பு என்று நினைத்து ஒரு வாரம் நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு தாளில் தப்பு என்று நினைத்து வேறு தாள் வாங்கினேன்.

சோமு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"உன் பொட்டி அமெரிக்கா டிவிக்குன்னு செஞ்சது லா. அது அனுப்புற கலர் இங்க உள்ள டிவிக்குப் புரியாது. படம் வரும், கலர் வராது. நீ கோயில் தாள் இல்ல, கோயிலையே தூக்கிட்டு வந்து வெச்சாலும் வராது."

"அப்ப கலர் இல்லாம ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா எப்படிக் காட்டுறது?"

"நடுவுல ஒரு சுவரு எழுப்பு," என்றான், டிவியின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டே.

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அதுதான் வழி. இரண்டு சிறிய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மூக்கிலிருந்து திரைவரை குறுக்கே ஓர் அட்டையை நிறுத்தினால் ஒவ்வொரு கண்ணும் தன் பக்கத்துப் படத்தை மட்டும்தான் பார்க்கும். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டினேன். அவ்வளவு கிட்டத்தில் கண் மங்கியது. இரவுச் சந்தையான பாசார் மாலாமில் வயதானவர்கள் வாங்குகிற வாசிப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டதும் தெளிந்தது. சோமு தன் கடையிலிருந்து சின்ன டிவி ஒன்றைக் கொடுத்தான். படம் மேலே மேலே உருண்டு ஓடியதை அவனே பின்னால் ஒரு குமிழைத் திருகி நிறுத்தினான்.

பத்திரிகையில் இருந்த முறைப்படி படத்தில் உருவம் எதுவும் போடவில்லை. வெறும் புள்ளிகள், மணலைக் கொட்டியது போல. இடதுபக்கம் ஒரு கட்டம் மணல், வலதுபக்கம் அதே மணல். கட்டத்தை நாலாகப் பிரித்து, அதில் ஒரு கால்பகுதிக்குள் மட்டும் ஒரு சதுரம் அளவு மணலை வலதுபடத்தில் இம்மி நகர்த்தினேன். எந்தக் கால்பகுதி என்பதைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும். ஒரு கண்ணால் பார்த்து அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மணல்தான் தெரியும். மிஸ்ஸியின் புத்தகத்தில் ஏமாற்றவாவது வழி இருக்கலாம், இதில் இல்லை.

அந்தப் பெட்டி மெதுவானது. ஒரு படம் போட்டு முடிப்பதற்குள் ஒரு கோப்பி குடித்துவிடலாம். முதல் படம் முழுதாக வந்ததும் அட்டையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். இரண்டு கட்டங்கள். கொஞ்ச நேரம் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. பிறகு பூட்டிக்கொண்டதுபோல் ஒரே கட்டமாக நின்றன. கீழ்மூலையில் ஒரு சதுரம் உள்ளே இறங்கியிருந்தது. திரைக்குப் பின்னால், டிவிப் பெட்டிக்குள் ஒரு குழி. விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல் கூர்மையாக இருந்தது. ஒரு கண்ணை மூடினேன், குழி இல்லை. திறந்தேன், இருந்தது. எத்தனை தடவை மூடித் திறந்தேன் என்று தெரியாது.

சோமு பார்த்தான். விரலை நீட்டித் திரையைத் தொட்டான். விரல் கண்ணாடியில் முட்டியது.

"ஏன்டா உள்ள போகுது? எழும்பணும்னுதானே சொன்ன?"

நகர்த்திய திசை மாறிப்போயிருந்தது. திருத்தினேன். இப்போது சதுரம் திரையை விட்டு வெளியே வந்து எங்கள் மூக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மிதந்தது.

"இப்படியே ஒரு முழுப் படமும் பாக்கலாம்ல? சண்டைப் படம்," என்றான் சோமு. "ரெண்டு காமிரா, ரெண்டு டேப்பு."

"ரெண்டு டிவி, ரெண்டு வீடியோ. பார்க்க ஒரே ஒரு ஆளு. மூக்குல அட்டையோட."

"நடக்காது," என்று ஒத்துக்கொண்டான்.

அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்த உடனே, "மேல, வலப்பக்கம்," என்றார். அடுத்த படம், "கீழ, இடப்பக்கம்." ஒன்றுகூடத் தப்பவில்லை. எழுந்து டிவிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

"அது எங்கதான் இருக்கு? உள்ளயா, வெளியவா?"

"எங்கயும் இல்லம்மா. உங்க தலைக்குள்ள இருக்கு."

"என் தலைக்குள்ள ஏற்கெனவே இடமில்ல," என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனார்.

அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை.

தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் அவளை உட்கார வைப்பேன். அதுதான் எங்களுக்கு வசதியான நேரம். பசியாறிவிட்டுப் படுத்தால் பிறகு மாலையில்தான் எழுவோம், எழுந்ததும் கிளம்பவேண்டும். கூடத்துச் சன்னலைப் போர்வையால் மறைத்து, விளையாட்டை ஓட்டுவேன். எண் விசையை அழுத்தவேண்டும். சரியென்றால் ஒரு சத்தம், தப்பென்றால் வேறொரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் எத்தனை சரியாக வருமோ அத்தனைதான் அவளுக்கு வந்தது.

"ரெண்டு கட்டமாத்தான் தெரியுது, சேது."

"கொஞ்சம் தூரமா பாக்குற மாதிரி பாரு. தன்னால சேரும்."

"சேருது. உடனே பிரிஞ்சிடுது."

"சேர்த்து வெச்சுக்க."

"கையாலயா புடிச்சு வெச்சுக்கறது? இந்தா, நீ வந்து புடி."

பழக்கினால் வரும் என்று நம்பினேன். நேரத்தைக் கூட்டினேன். அவளுக்குத் தலைவலி வந்தது. ஒருநாள் அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "உனக்கு விளையாட்டா இருக்கு. எனக்கு இது வேலை," என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் நான் நிறுத்தவில்லை. பிறவியிலேயே சிலருக்கு இந்தப் பார்வை கிடையாது என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அதுதான் அவளுக்கும் என்று முடிவு கட்டினேன். அவளிடம் சொல்லவும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

சனி இரவும் ஞாயிறும் எங்களுக்கு ஓய்வு. அந்த ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே விளையாட்டின் சத்தம் கேட்டது. சரியான விடைக்கு வருகிற சத்தம். கொஞ்சம் கழித்து மறுபடி அதே சத்தம். அம்மாதான் பொழுதுபோகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். பின்பக்கம் பார்த்தால் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே போனேன். அக்கா அட்டையில் மூக்கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துருச்சு," என்றாள் திரும்பாமலே. "தலையணை மாதிரி எழும்பி நிக்குது. இதுக்குத்தானா இவ்வளவு பாடு?"

பத்துக்குப் பத்து. இன்னொரு சுற்று வைத்தேன், அதுவும் அப்படியே. பழக்கம் வேலை செய்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸிலிருந்து வந்து உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை. பழையபடி இரண்டு கட்டம்.

அப்போதுதான் எனக்கு வேறு மாதிரி யோசனை வந்தது. அன்று மாலை எழுந்த உடனே உட்கார வைத்தேன், எல்லாம் சரி. மறுநாள் காலை, எல்லாம் தப்பு. மாலை, சரி. நான் திரையைப் பார்ப்பதை விட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லி, திறக்கும்போது கவனித்தேன். மாலையில் கண் நேராக இருந்தது. காலையில், மூடியிருந்த இடது கண் கைக்கு அடியில் மெல்ல வெளிப்பக்கம் போயிருந்தது. கையை எடுத்ததும் தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தது. தூங்கி எழுந்தவளுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து நிற்கின்றன. ராத்திரி முழுக்க விழித்தவளுக்கு அவை தனித்தனியாகப் போய்விடுகின்றன.

மிஸ்ஸி எத்தனை மணிக்குச் சோதித்தார் என்று கேட்டேன்.

"வேலை முடிஞ்சு கார்டு அடிச்சிட்டு வரும்போது. வேலை நேரத்துல அனுப்பமாட்டாங்கல்ல."

"அப்ப நீ அன்னிக்கு லீவு போடு. நல்லாத் தூங்கிட்டு, காலை ஷிப்டு பஸ்ல போய்ச் சோதிச்சுக்க."

அவள் முகம் தெளிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லிவிட்டேன்.

"தேறிடுவ. ஆனா பாண்டிங்கும் ராத்திரி வேலைதான். நாலு மணிக்கு மைக்ராஸ்கோப்புல உனக்கு ரெண்டு கம்பி தெரியும்."

"தெரியும்டா," என்றாள். "சொல்லாம இருக்கத் தெரியாதா உனக்கு?"

பாண்டிங்கில் பல வருடமாக வேலை செய்கிற தங்கமணி அக்கா எங்கள் பஸ்ஸில்தான் வருவார். அடுத்த நாள் காலை அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"அக்கா, விடியக்காலைல மைக்ராஸ்கோப்புல உங்களுக்கு ரெண்டா தெரியுமா?"

பக்கத்தில் இருந்த நல்லம்மாள் அக்கா சட்டென்று திரும்பினார். அவரும் பாண்டிங்தான். அசாம் ஜாவா என்ற ஊர்க்காரர், எங்கள் ஊரில் இறங்கி வேறு பஸ் பிடிப்பார்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றார் தங்கமணி அக்கா.

"யாரும் சொல்லல. தெரியுமா?"

அவர் டிரைவரைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாருக்கும்தான் லா. ஒரு கண்ணை மூடிக்குவோம். கம்பி தொடுறப்ப ஊசி லேசா அதிரும், கையிலயே தெரியும். கண்ணு பாதி, கை பாதி. சூப்பர்வைசர் வந்தா ரெண்டையும் தொறந்து வெச்சுக்குவோம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்னிடம்தான் பெட்டி இருந்ததே.

"வீட்டுக்கு வாங்க. ஒரு விளையாட்டு இருக்கு."

"இவன் பொம்பளைங்கள வீட்டுக்குக் கூப்பிட்டு டிவி காட்டுறானாம்," என்று நல்லம்மாள் அக்கா சிரித்தார். ஆனால் அவருடைய பஸ் வர நேரம் இருந்தது. வந்தார்கள்.

அம்மா இன்னும் இரண்டு பேருக்கு மாவை ஊற்றினார். தங்கமணி அக்கா முதலில் உட்கார்ந்தார். வாசிப்புக் கண்ணாடியைப் போட்டதும், "கிழவியாக்கிட்டான்," என்றார். வெகுநேரம் பார்த்தார். பழக்கதோஷத்தில் ஒரு கண்ணை மூடினார்.

"மணலு," என்றார்.

"ரெண்டு கண்ணும் தொறங்க."

"ரெண்டு மணலு."

பத்தில் இரண்டு சரி. நல்லம்மாள் அக்காவுக்கு மூன்று. ரமணி அக்காவுக்கு அன்று காலை இரண்டு. எனக்கே ஒரு ஆசை வந்து உட்கார்ந்து பார்த்தேன். நானும் ராத்திரி முழுக்க விழித்தவன்தான். எனக்கு எல்லாம் சரியாக வந்தது. ஒரே ராத்திரி, ஒரே பஸ். ஏன் எனக்கு மட்டும் சேர்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர்கள் கம்பியை உற்றுப் பார்த்து வந்தவர்கள், நான் தட்டைத் தள்ளி வந்தவன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அக்கா பேக்கிங்கில் பெட்டி ஒட்டிவிட்டுத்தானே வந்தாள்.

அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மேல, இடப்பக்கம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உங்கம்மாவை பாண்டிங்ல சேத்துவிடு," என்றார் நல்லம்மாள் அக்கா.

நான் சிரிக்கவில்லை. "இதை மிஸ்ஸிகிட்ட சொல்லணும்," என்றேன். "டெஸ்ட் வைக்கிற நேரமே தப்பு. காலையில வெச்சா அங்க ஏற்கெனவே இருக்கிற ஆளே தேறமாட்டாங்க. பெட்டியைத் தூக்கிட்டுப் போய்க் காட்டலாம்."

தோசை தின்றுகொண்டிருந்த தங்கமணி அக்கா நிறுத்தினார்.

"காட்டினா?"

"நேரத்தை மாத்துவாங்க."

"நேரத்தை மாத்தமாட்டாங்க, தம்பி. ஆளை மாத்துவாங்க. பாண்டிங்ல உள்ள அத்தனை பேரையும் வரிசையில நிக்க வெச்சு அந்தப் புத்தகத்தைக் காட்டுவாங்க. அதுவும் வேலை முடிஞ்சு வரும்போது." தட்டைக் கீழே வைத்தார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது. உனக்குப் புது விஷயம் தெரிஞ்சிருச்சு, சந்தோஷம். அதை வீட்டுலயே வெச்சுக்க."

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அவன் போகமாட்டான்."

எனக்குப் போகவேண்டும்போலத்தான் இருந்தது. நான் கண்டுபிடித்தது சரி, அவர்கள் வைக்கிற சோதனை தவறு. அதைச் சொல்லக்கூடாது என்பது எனக்கு உறைக்க நேரம் பிடித்தது. போகவில்லை.

அக்கா லீவு போட்டாள். முந்தின ராத்திரி அம்மாவோடு படுத்து நன்றாகத் தூங்கினாள். காலை ஷிப்டு பஸ்ஸில் தலை வாரி, பவுடர் போட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி போனாள். நான் வேலை முடிந்து வெளியே வரும்போது அவள் கிளினிக்குக்குள் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் காத்திருந்தால் கம்பெனி பஸ் போய்விடும். போகட்டும் என்று காத்திருந்தேன்.

சீக்கிரமே வெளியே வந்தாள்.

"எழும்புச்சா?"

"கடைசி வரிசைவரைக்கும். மிஸ்ஸிக்கே ஆச்சரியம். 'போன தடவை ஏன் தெரியலைன்னு சொன்ன?'ன்னு கேட்டாங்க. பயம்னு சொன்னேன்."

"நம்பிட்டாங்களா?"

"தமிழ்ப் பொண்ணு பயந்துட்டேன்னு சொன்னா யாரு நம்பமாட்டாங்க?"

டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியில் தூங்கிப்போனது நான்தான். அவள் விழித்திருந்தாள்.

மாதம் பிறந்ததும் பேக்கிங் மூடியது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அக்கா தங்கமணி அக்காவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். முதல் ராத்திரி முழுக்க நான் தட்டைத் தள்ளிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டிங் அறை வேறு கட்டடத்தில். பார்க்க முடியாது.

காலையில் பஸ்ஸில் ஏறினாள். நெற்றியில் மைக்ராஸ்கோப்பின் விளிம்பு பதிந்த கோடு இருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள்.

"எப்பப் பிரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"மூணு மணிகூட ஆகல."

"அப்புறம்?"

அக்கா இடது கண்ணை மூடிக் காட்டினாள். மூடியபடியே, "தங்கமணி அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க, எந்தக் கண்ணுன்னு," என்றாள். பஸ் புறப்பட்டது. கொஞ்ச நேரத்தில் மற்றக் கண்ணும் மூடிக்கொண்டது.